வாசகர் கேள்வி–பதில்: ‘மீ பீயிங்’ என்று எழுதினால் தவறா?

இம்முறை வந்த ஆங்கில இலக்கணக் கேள்விகளுள் பெரும்பாலானவை ஒரே சிக்கலைச் சுற்றியே வந்திருக்கின்றன. ‘இங்’ என முடியும் சொல்லுக்கு முன்னால் ‘மை, ஹிஸ், யுவர், தெயர்’ என்னும் உடைமைச் சொற்கள்தாம் வரவேண்டுமா, ‘மீ, ஹிம், யூ, தெம்’ என்பனவும் வரலாமா என்பதே அந்தச் சிக்கல். எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள், வகுப்பில் கொடுத்த பயிற்சிக் கடிதத்தில் ‘ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் மீ பீயிங் ஆப்சென்ட்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘மீ’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘மை’ என்று எழுதி, மதிப்பெண்ணும் குறைத்துவிட்டார். ஆனால் எங்கள் மேலாளர் எழுதும் கடிதங்களில் ‘ஹிம் லீவிங்’, ‘தெம் கோயிங்’ என்றுதான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உடையவர். யார் எழுதுவது சரி? – கிராணி, சுங்கை சிப்புட்.

பதில்: தங்கள் மகள் எழுதியது இலக்கணப் பிழையன்று, ஆனால் அந்த இடத்தில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த வடிவமே சிறந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டுவதாகத் தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

அந்தத் தொடரில் வரும் ‘பீயிங்’ தொழிற்பெயர்; ஆங்கில இலக்கணத்தார் அதனை ‘ஜெரண்ட்’ என்பர். வினையிலிருந்து பிறந்து பெயரின் இடத்தில் உட்காரும் சொல் அது. பெயர் என்று கொண்டால் அதற்கு உரியவர் ஒருவர் இருப்பார். ‘மை புக்’ என்பது போலவே ‘மை பீயிங் ஆப்சென்ட்’ என்று வரும். ஆனால் அந்தச் சொல் தன் வினைக்குணத்தையும் விட்டுவிடவில்லை. ‘டேப்பிங் தி ட்ரீ’ (மரத்தில் பால் வெட்டுதல்) என்று செயப்படுபொருளை ஏற்கும். ‘டேப்பிங் ஸ்லோலி’ என்று வினையடையையும் ஏற்கும். வினை என்று கொண்டால் அதற்கு வேண்டியவர் உரியவர் அல்லர், செய்பவர். அந்தச் செய்பவரைத்தான் ஆங்கிலப் பேச்சுவழக்கு ‘மீ’ என்றும் ‘ஹிம்’ என்றும் முன்னே நிறுத்துகிறது. ஆக, உடைமைச் சொல்லை இடுகிறவர் ‘இங்’ சொல்லைப் பெயராகக் கருதுகிறார். ‘மீ’ என்று எழுதுகிறவர் அதனை வினையாகக் கருதுகிறார். அந்தச் சொல்லோ இரண்டுமாக இருக்கிறது.

நம் மொழியிலும் இந்த இரண்டு போக்கும் உண்டு. ‘அவருடைய வருகை எங்களுக்கு மகிழ்ச்சியளித்தது’ என்கிறோம். ‘அவர் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சியளித்தது’ என்றும் சொல்கிறோம். ‘வருகை’ முழுப் பெயராகிவிட்டது, ஆகையால் ஆறாம் வேற்றுமையை முன்னே கேட்கிறது. ‘வந்தது’ காலத்தைக் காட்டிக்கொண்டு வினையாகவே இயங்குவதால் எழுவாயைக் கேட்கிறது. ‘அவருடைய வந்தது’ என்று நம்மில் சிறுபிள்ளைகூடச் சொல்லாது. ஆறாம் வேற்றுமைக்கு உரிய பொருள்களை அடுக்கும் இடத்தில் தொல்காப்பியர் உடைமையையும் முறைமையையும் சொல்வதோடு ‘வினையின்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஒருவர் செய்யும் தொழிலும் அவருக்கு உரியது என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. தமிழ் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது, ஆங்கிலமோ ‘கம்மிங்’ என்னும் ஒரே சொல்லை இரண்டுக்கும் ஏவுகிறது. தடுமாற்றத்தின் வேர் இதுதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்த நெருக்கடி இல்லை. அப்போது தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்னும் விகுதியும், ‘பார்ட்டிசிப்பிள்’ எனப்படும் எச்சத்திற்கு ‘எண்டே’ என்னும் விகுதியும் தனித்தனியே இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலிகள் தேய்ந்து, இரண்டும் ‘இங்’ என்னும் ஒரே முடிவில் வந்து கலந்துவிட்டன. கலந்த பின் பெயராய் இருந்தது வினையின் குணங்களைப் பெற்று, செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கத் தொடங்கியது. இவ்வளவு கலப்பு நேர்ந்த ஒரு சொல்லுக்கு முன்னால் இன்ன வடிவம்தான் வரவேண்டும் என்று பிற்காலத்தார் ஒற்றை விதி வகுக்க முயன்றபோது சச்சரவு எழுந்ததில் வியப்பில்லை.

அந்தச் சச்சரவை உலகறியச் செய்தவர் ஹென்றி ஃபௌலர் என்னும் ஆங்கிலேயர். தம் தம்பி ஃபிராங்க் ஃபௌலருடன் சேர்ந்து 1906இல் வெளியிட்ட நடைக் கையேட்டிலும், 1926இல் தாமே வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியிலும், உடைமைச் சொல் இல்லாமல் வரும் வடிவத்தை ‘ஃபியூஸ்டு பார்ட்டிசிப்பிள்’, அதாவது ஒட்டிப்போன எச்சம் என்று பெயரிட்டுக் கடுமையாகச் சாடினார். அவருடைய வாதத்தை நம் தோட்டத்துத் தொடர் ஒன்றால் விளக்கலாம். ‘வொர்க்கர்ஸ் லீவிங் தி எஸ்டேட் ரெட்யூசஸ் தி கிராப்’ என்று எழுதினால் ‘ரெட்யூசஸ்’ என்னும் ஒருமை வினைக்கு எழுவாய் எது? ‘வொர்க்கர்ஸ்’ என்றால் அது பன்மை, பொருந்தாது. ‘லீவிங்’ என்றால், முன்னே நிற்கும் ‘வொர்க்கர்ஸ்’ அதனோடு எந்த உறவும் இல்லாமல் தொங்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்ட ஒரு கலவைதான் எழுவாய் என்று சொல்லவேண்டியிருக்கிறது. அப்படி ஓர் எழுவாயை இலக்கணம் அறியாது என்பது அவர் கட்சி. டென்மார்க் நாட்டு இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் அதே 1926இல் இதை மறுத்து, பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர்கள் நெடுங்காலமாக அப்படி எழுதிவந்ததை எடுத்துக்காட்டுகளால் நிறுவினார். வழக்கில் ஊன்றிவிட்ட ஒன்றைத் தர்க்கத்தால் பிடுங்க முடியாது என்பதால், காலப்போக்கில் யெஸ்பர்சன் கட்சியே நின்றது. மொழியியல் அறிஞர்களான ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம் இரு வடிவங்களையும் இலக்கணத்துக்கு உட்பட்டவையாகவே கொள்கிறது. அதுமட்டுமன்று, ஜெரண்ட் வேறு, பார்ட்டிசிப்பிள் வேறு என்னும் பழைய பிரிவினையையே அது விட்டுவிடுகிறது.

அப்படியானால் ஆசிரியரின் திருத்தம் ஏன் சிறந்தது? தங்கள் மகளின் தொடரை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ‘ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் மீ’ என்று வந்தவுடன் படிப்பவரின் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, ஏனெனில் அது தன்னளவில் முழுமையான, நாள்தோறும் காதில் விழும் ஒரு தொடர். அதன்பின் வரும் ‘பீயிங் ஆப்சென்ட்’ வண்டி புறப்பட்ட பின் ஏற ஓடிவருகிறவரைப் போலத் தோன்றும். ‘மை பீயிங் ஆப்சென்ட்’ என்றால் மன்னிக்கவேண்டியது எது என்பதில் ஐயமே இல்லை, மன்னிக்கவேண்டியது வராமையை. மேலும் அது ஆசிரியருக்கு எழுதும் முறையான கடிதம். முறையான ஆங்கில எழுத்தில், செய்பவர் ஒரு மனிதராகவும் அவரைக் குறிப்பது ‘ஐ, ஹீ, வீ, தே’ போன்ற பிரதிப்பெயராகவும் இருந்தால் உடைமை வடிவம் எழுதுவது இன்றும் மதிக்கப்படும் வழக்கம். தொழிற்பெயர் வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுவாயாக நின்றால் அது இன்னும் அழுத்தமாக வேண்டப்படுகிறது: ‘ஹிஸ் லீவிங் ஏர்லி காஸ்டு அஸ் அ டேஸ் வொர்க்’ என்பது கடிதத்துக்கு ஏற்றது, ‘ஹிம் லீவிங் ஏர்லி’ என்று தொடங்குவது பேச்சுக்கு ஏற்றது.

மதிப்பெண்ணைக் குறைத்ததில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘மை’ என்று மேலே எழுதிக் காட்டுவது கற்பித்தல். ஆனால் நல்லெழுத்தில் நூற்றாண்டுகளாக வழங்கும் ஒரு வடிவத்தைப் பிழை என்று கணக்கிட்டால், அந்தப் பிள்ளை நாளை எந்த ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்தாலும் குழம்பும். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், ஆங்கிலத்தின் எழுத்துத் தாளில் முதலில் வரும் சிறு மின்னஞ்சல் தோழிக்கு எழுதுவதாக அமைந்திருந்தால், அங்கே ‘டூ யூ மைண்ட் மீ கம்மிங் லேட்?’ என்பதே இயல்பாக இருக்கும். ‘மை கம்மிங்’ சற்று விறைப்பாக ஒலிக்கும். அதே தாளின் கட்டுரைப் பகுதிகளில் ‘மை’, ‘தெயர்’ என்று எழுதுவது நல்லது. எங்கே எது பொருந்தும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

தங்கள் அலுவலகத்துக்கு ஒரு சொல். லாரியில் ஏறும் இடத்தில் ‘தி மேனேஜ்மெண்ட் டஸ் நாட் அலவ் வொர்க்கர்ஸ் கேரியிங் பாராங்ஸ் இன் தி லாரி’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இதைக் ‘கத்தி வைத்திருப்பவர்களை லாரியில் ஏற்றுவதில்லை’ என்றும் படிக்கலாம், ‘லாரியில் கத்தி எடுத்துவருவதற்கு அனுமதி இல்லை’ என்றும் படிக்கலாம். முதல் பொருளில் ஆள் தடுக்கப்படுகிறார், அன்றைய சம்பளமும் போகிறது. இரண்டாம் பொருளில் கத்தி மட்டும் தனியே வரவேண்டும், ஆள் ஏறிக்கொள்ளலாம். தமிழில் ‘எடுத்துவருபவரை’, ‘எடுத்துவருவதை’ என்று விகுதியே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை உடைமைக் குறி செய்யவேண்டும். இங்கேயோ பன்மைச் சொல் ‘எஸ்’ ஒலியில் முடிவதால், அதன் பின்னே இடும் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கண்ணுக்கு மட்டும் தெரியும், காதுக்குத் தெரியாது. காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் அந்தக் குறியால் பயனே இல்லை. இத்தகைய அறிவிப்புகளில் மேற்குறியை நம்பாமல், ‘வொர்க்கர்ஸ் மஸ்ட் நாட் கேரி பாராங்ஸ் இன் தி லாரி’ என்று வாக்கியத்தையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘இங்’ சொல்லுக்கு முன்னால் உடைமைச் சொல் வரவேண்டும் என்று டியூசனில் படித்தேன். அதை நம்பி ‘ஐ சா ஹிஸ் ஸ்டீலிங் தி ரம்புத்தான்ஸ்’ என்று எழுதினேன். பள்ளியில் அது தவறு என்று சொல்லிவிட்டார்கள். விதியைப் பின்பற்றியும் எப்படித் தவறாகும்? – ஐந்தாம் படிவ மாணவர்.

பதில்: தம்பி, உங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதி பாதி விதி. ‘இங்’ என முடிவதெல்லாம் தொழிற்பெயர் ஆகாது. நீங்கள் பார்த்தது அவனை. அவன் அப்போது ரம்புத்தான் திருடிக்கொண்டிருந்தான். அங்கே ‘ஸ்டீலிங்’ அவன் இருந்த நிலையைச் சொல்லும் எச்சம். ஆகையால் ‘ஐ சா ஹிம் ஸ்டீலிங்’ என்பது மட்டுமே சரி. பார்த்தல், கேட்டல், கவனித்தல், உணர்தல் ஆகிய புலனறிவு வினைகள் அனைத்துக்கும் இதுவே முறை. ‘கேட்ச்’, ‘ஃபைண்ட்’, ‘கீப்’, ‘லீவ்’ ஆகியவையும் இப்படித்தான்: ‘தி வாட்ச்மேன் காட் ஹிம் கிளைம்பிங் தி ஃபென்ஸ்’, ‘டோண்ட் கீப் தெம் வெயிட்டிங்’. இந்த இடங்களில் ‘ஹிஸ்’, ‘தெயர்’ என்று எழுதினால் அது முறையான நடையும் ஆகாது, பழைய நடையும் ஆகாது, பிழைதான்.

இந்தப் பிழை தமிழ் பேசும் மாணவர்களிடம் மிகுதியாக வருவதற்கு நம் மொழியின் அமைப்பே காரணம் என்று நான் கருதுகிறேன். நாம் ‘அவன் திருடுவதைப் பார்த்தேன்’ என்கிறோம். ‘திருடுவதை’ என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்ற தொழிற்பெயர். நாம் பார்த்தது ஆளை அன்று, செயலை என்பதுபோல் நம் வாக்கியம் அமைந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு, செயல்தானே செயப்படுபொருள், அப்படியானால் ‘ஹிஸ் ஸ்டீலிங்’ என்று எழுதினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. அது முதலில் ஆளைப் பார்க்கிறது, அதன் பிறகு அவன் செய்துகொண்டிருந்ததைச் சேர்க்கிறது. மலாய் மொழியும் இங்கே உதவாது, ஏனெனில் அதில் ‘டியா’ என்னும் ஒரே வடிவம் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் உரியவராகவும் நிற்கும். வடிவ மாற்றத்துக்குக் காதைப் பழக்கும் வாய்ப்பே அங்கில்லை.

ஐயம் வரும்போது ‘இங்’ சொல்லை நீக்கிவிட்டுப் பாருங்கள். ‘ஐ சா ஹிம்’ என்று நிறுத்தினாலும் நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கிறது; எனவே அங்கே ‘ஹிம்’. ‘மை ஃபாதர் ரிசென்ட்ஸ் ஹிஸ் ஸ்மோக்கிங்’ என்பதில் ‘ஸ்மோக்கிங்’ என்பதை நீக்கி ‘ரிசென்ட்ஸ் ஹிம்’ என்று நிறுத்தினால் பொருள் மாறிப்போகிறது. அப்பாவுக்குப் பிடிக்காதது புகைப்பதுதான், அவனை அன்று. எனவே அங்கே ‘ஹிஸ்’.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் இடம்கொடுக்கும் சில வினைகளும் உண்டு, அவற்றில்தான் மொழியின் நுட்பம் இருக்கிறது. ‘ஐ ரிமெம்பர் மை கிராண்ட்ஃபாதர் டேப்பிங்’ என்றால், விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றிக் குனிந்து, பட்டையைச் சீவி, பால் கோட்டில் இறங்கி மங்கு என்னும் கிண்ணத்தில் விழத் தொடங்குகிறதா என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகரும் தாத்தா கண்முன் வருகிறார். ‘மை கிராண்ட்ஃபாதர்ஸ் டேப்பிங்’ என்று உடைமையாக்கினால் நினைவில் நிற்பது அவர் வெட்டும் திறம்: மரத்தின் உள்ளடுக்கில் காயம் படாமல், பட்டை வீணாகாமல், சீராக இறங்கும் அந்த வெட்டு. ‘ஐ அட்மயர்டு ஹிஸ் டேப்பிங்’ என்று வரும்போது உடைமை வடிவம் இல்லாமல் முடியாது, ஏனெனில் வியப்பது தொழிலை. இரண்டில் எது வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல நினைக்கும் பொருள்தான் முடிவு செய்யவேண்டும். டியூசன் விதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் ஆலயத் திருவிழாவுக்காக அச்சடித்த பதாகையின் கீழே ‘தேங்க் யூ ஃபார் யுவர் கம்மிங்’ என்று போட்டிருந்தோம். ஒரு பெரியவர் ‘யுவர்’ என்பதை எடுத்துவிடுங்கள் என்றார். மரியாதை குறைந்துவிடாதா? – ஆலயக் குழுச் செயலாளர்.

பதில்: பெரியவர் சொன்னதே சரி, மரியாதை குறையாது. ‘தேங்க் யூ’ என்று சொன்னவுடனேயே யாருக்கு நன்றி என்பது தெரிந்துவிட்டது, வந்தவரும் அவரே. செய்பவர் யார் என்பது முன்னரே விளங்கிவிட்டால், ஆங்கிலம் தொழிற்பெயருக்கு முன்னால் எதையும் இடுவதில்லை. ‘தேங்க் யூ ஃபார் கம்மிங்’ என்பதே வழக்கு. ‘ஐ அப்பாலஜைஸ் ஃபார் மை பீயிங் லேட்’ என்பதிலும் ‘மை’ மிகை. மன்னிப்புக் கேட்பவரும் தாமதமாக வந்தவரும் ஒருவரே.

‘வி அப்ரிஷியேட் யுவர் கம்மிங்’ என்பது வேறு. பாராட்டுபவர் நாம், வந்தவர் அவர். ஆள் மாறுவதால் ‘யுவர்’ தேவைப்படுகிறது. பதாகைக்கு இன்னும் பொருத்தமாக ‘தேங்க் யூ ஃபார் யுவர் பிரசென்ஸ்’ என்று போடலாம். ‘பிரசென்ஸ்’ வினைத்தன்மை அற்ற முழுப் பெயராதலால் அதற்கு முன் ‘யுவர்’ இயல்பாக அமைகிறது. அழைப்பிதழில் ‘வி லுக் ஃபார்வர்டு டு சீ யூ’ என்று போடும் வழக்கமும் நம் வட்டாரத்தில் மிகுதி. அங்கே ‘டு’ என்பது முன்னிடைச்சொல். அதன் பின் தொழிற்பெயரே வரவேண்டும் என்பதால் ‘டு சீயிங் யூ’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மனிதர்களுக்குச் சரி, பேருந்து, மழை, செம்பனைக் குலை ஆகியவற்றுக்கும் உடைமைக் குறி இட்டு எழுதச் சொல்ல வேண்டுமா? ‘தி பஸ்’ஸஸ் பிரேக்கிங் டவுன்’ என்று எழுதினால் எனக்கே நெருடுகிறது. – ஆசிரியை, பீடோர்.

பதில்: நெருடினால் எழுதச் சொல்ல வேண்டா. உயிரற்ற பொருளுக்கும் கருத்துப் பெயருக்கும் உடைமைக் குறி இடாமல் விடுவதே இன்றைய நல்ல வழக்கம். ‘வி வேர் லேட் பிகாஸ் ஆஃப் தி பஸ் பிரேக்கிங் டவுன்’ என்பதில் குறை எதுவும் இல்லை. மழையைப் பற்றி எழுதும்போது உடைமைக் குறி குழப்பத்தையே உண்டாக்கும்: ‘தி ரெய்ன்ஸ் ஸ்டாப்பிங்’ என்று மேற்குறியிட்டு எழுதினால், மழை நின்றுகொண்டிருக்கிறது என்னும் முழு வாக்கியத்தின் சுருக்கமாகவே பிள்ளைகள் படிப்பார்கள். ‘தேர் இஸ் நோ ஹோப் ஆஃப் தி ரெய்ன் ஸ்டாப்பிங்’ என்பது தெளிவு.

நீண்ட பெயர்த்தொடருக்கும் இதே சலுகை. ‘தி மேனேஜர் ஆஃப் தி எஸ்டேட் அக்ராஸ் தி ரிவர்’ என்று நீளும் தொடரின் வாலில், ‘ரிவர்’ என்பதற்குப் பிறகு, மேற்குறியும் ‘எஸ்’ எழுத்தும் இட்டால் ஆற்றுக்கு உரியதாகத் தோன்றுமே தவிர மேலாளருக்கு உரியதாகத் தோன்றாது. ‘திஸ்’, ‘தட்’, ‘ஆல்’, ‘சம்’ ஆகியவற்றுக்கு உடைமை வடிவமே இல்லை; ‘ஐ இன்சிஸ்ட் ஆன் திஸ் பீயிங் டன் டுடே’ என்றுதான் எழுத முடியும். ‘தேர் பீயிங் நோ வாட்டர்’ என்பதில் வரும் ‘தேர்’ சொல்லும் அப்படியே. இதை ‘தெயர்’ என்னும் உடைமைச் சொல்லோடு மாற்றி எழுதும் பிள்ளைகள் உண்டு; ஒலி ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம் அது, கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுவது பயன்தரும். ‘ஹர்’ என்னும் சொல்லில் பிள்ளைகள் தவறவே வழியில்லை, உடைமைக்கும் செயப்படுபொருளுக்கும் அங்கே ஒரே வடிவம். ஆகவே முதலில் ‘ஹர்’ வைத்த வாக்கியங்களால் தொழிற்பெயரின் பொருளைப் புரியவைத்துவிட்டு, பிறகு ‘ஹிஸ்’, ‘ஹிம்’ வேறுபாட்டுக்குப் போவது நல்ல வரிசை என்று எனக்குப் படுகிறது.

இயற்பெயர் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். மனிதர் பெயரும் தொடரும் சிறியதாக இருந்து, எழுத்தும் முறையானதாக இருந்தால் உடைமைக் குறி இடலாம். இடாவிட்டாலும் எவரும் குறை சொல்லார். கட்டாயம் வேண்டும் என்று நிற்பது ஓர் இடத்தில்தான்: ‘இங்’ சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வந்து அது முழுப் பெயராகிவிட்ட இடம். ‘ஹிஸ் கேர்ஃபுல் டேப்பிங் ஆஃப் தி ட்ரீஸ்’ என்பதில் பெயரடை வந்துவிட்டது, ‘ஆஃப்’ வந்துவிட்டது. அங்கே ‘ஹிம்’ நிற்கவே முடியாது. ‘ஆஃப்’ இல்லாமல் ‘டேப்பிங் தி ட்ரீஸ் கேர்ஃபுலி’ என்று வினையடையோடு வந்தால் வினைத்தன்மை மீள்கிறது, ‘ஹிஸ்’, ‘ஹிம்’ இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தொடர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால், முதல் கேள்விக்கு நான் எழுதிய நீண்ட விளக்கமே தேவைப்படாது.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் நேர்முகத் தேர்வுக்கு வர முடியாமற்போனதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ‘மை பீயிங் நாட் ஏபிள் டு அட்டெண்ட்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? – வேலை தேடும் இளைஞர், சுங்கை சிப்புட்.

பதில்: ‘மை’ சரி, ‘நாட்’ இடம் மாறவேண்டும். தொழிற்பெயரை மறுக்கும் ‘நாட்’ அதற்கு முன்னால், உடைமைச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும்: ‘மை நாட் பீயிங் ஏபிள் டு அட்டெண்ட்’. ஆனால் விண்ணப்பம் படிப்பவருக்கு இவ்வளவு சுமை வேண்டியதில்லை. பொருத்தமான முழுப் பெயர் கையில் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதே எழுத்துக்கு அழகு: ‘மை ஆப்சென்ஸ் ஃபிரம் தி இண்டர்வியூ’ என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லுங்கள். ‘ஹிஸ் ரெஃப்யூசிங்’ என்பதற்கு ‘ஹிஸ் ரெஃப்யூசல்’, ‘தெயர் அரைவிங்’ என்பதற்கு ‘தெயர் அரைவல்’ என்று இத்தகைய பெயர்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அவற்றின் முன் ‘மீ’யா ‘மை’யா என்னும் கேள்வியே எழுவதில்லை. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தில் ‘ஐ அப்பாலஜைஸ் ஃபார் மை மிஸ்ஸிங்’ என்று எழுதியிருந்தால் அந்த ‘மை’யையும் நீக்கிவிடுங்கள், ஆலயச் செயலாளருக்குச் சொன்ன காரணமே அதற்கும் பொருந்தும்.